லுஹர் வரை காத்திருந்த வாங்கு

சார்ஜன்,

உங்கள் சட்டைக் கையில் இருந்த சார்ஜன் பட்டி மூன்றையும் கழற்றியது அநியாயம். மூச்சு முட்டு வருத்தக்காரியான உங்கள் மனைவியோடு உங்களைக் குளிர் மலைக்கு அனுப்பியது அதைவிடப் பெரிய அநியாயம். செய்தவர்கள் உங்கள் மேலதிகாரிகள். இதை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். நீங்கள் மௌத்தாகிவிட்டீர்கள் என்பதற்காக அதில் ஒரு சொல்லையும் குறைத்துக்கொள்ளப் போவதில்லை.

இன்று காலை பள்ளிவாசலில் நோன்புக்காகப் பித்தளைக் கிண்டிகளை மினுக்கிக்கொண்டிருந்தார்கள். மினுக்கும் மருந்தின் வாசம், மண்ணெண்ணெயும் புளிப்பும் கலந்தது போல, தொழுகைக்கு நான் வுளூ எடுக்கும் இடம் வரை வந்தது. ஒரு கால் கழுவியபடி, மற்றக் கால் கழுவாதபடி அப்படியே நின்றுவிட்டேன். உங்கள் காலத்தில் ஸ்டேசன் முழுவதும் அந்த வாசம்தான். பொலிஸ் ஸ்டேசன் என்றால் வியர்வையும் விலங்கும் மணக்கும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். எதிரே மேசை போட்டு, மேலிடத்துக்குச் சனத்தின் பெட்டிசங்களை எழுதிக்கொண்டிருந்த எனக்குத் தெரியும். உள்ளே ஆறு பேர் காலை முழுவதும் பொத்தானும் பெல்ட் பூட்டும் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த வாசத்தோடு என் பழைய கேள்வியும் திரும்பி வந்தது. ஒரு பொலிஸ்காரனை உள்ளே இருந்து அரிப்பது எது?

இதை மூன்று வருடம் உங்களிடம் கேட்டேன். வானத்தில் எத்தனை நட்சத்திரம் என்று அறிய ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதை அறியத்தான் ஆசை. அதற்கென்று ஒரு கொப்பியும் வைத்திருந்தேன். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, ஊரார் போல என்னை அண்ணன் முறை வைத்து, "என்ன காக்கா, என்ட மேல பெட்டிசத்துக்கு இப்பயே குறிப்பு எடுக்கிறீங்களா?" என்று கேட்டீர்கள்.

நம் அறிமுகமே ஒரு பெட்டிசத்தில்தான் ஆரம்பித்தது. ஸ்டேசன் சுவரில் இன்னும் பழைய ராசாவின் படம் தொங்கிய காலம். நீங்கள் கண்டிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. தெருவைக் கடந்து என் மேசைக்கு வந்தீர்கள். கையில், ஊரவன் ஒருவன் சொல்ல உங்கள் மேல் நான் எழுதிய நாலு பக்கம். பயப்படவேண்டியவன் நான்தான். எனக்கு ஏனோ பயம் வரவில்லை.

"இத எழுதின கை இதுதானா?" என்று என் வலக்கையைப் பார்த்துக் கேட்டீர்கள்.

"ஓம். கை என்ட. கதை அவன்ட."

"நான் ஒரு பக்கம் சாயுறனாம். எந்தப் பக்கம் எண்டு எழுதல்லயே?"

"அவன் சொல்லல்ல. சொல்லாதத நான் எழுதுறல்ல."

"அப்ப நல்ல ஆள்தான். அடுத்த முற வந்தா அதையும் கேட்டு எழுதுங்க. எனக்கும் தெரிஞ்சிக்கொள்ள ஆச ஈக்கி."

எங்கள் ஊரில் 'இரிக்கி' என்போம். உங்கள் 'ஈக்கி'யைக் கேட்டுப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையே சிரித்தது. நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். அன்றைக்கே எனக்கு உங்களைப் பிடித்துப் போனது என்று எழுதினால் அது பொய். பிடிக்கவில்லை. இங்கிலிஸ் படித்தவர்களை எனக்கு அப்போது பிடிக்காது. நான் பள்ளிக்கூடம் போனவன் அல்லன். கடையில் சாமான் சுற்றித் தந்த தினசரிகளையும், அரசாங்கக் கந்தோர்களில் தூக்கி எறிந்த படிவங்களையும், எம் என்ற இங்கிலிஸ் எழுத்தோடு கிழிந்துபோன ஓர் அகராதியையும் வைத்து நானாகப் படித்தேன். எம்முக்குப் பிறகு வரும் சொற்களை ஒவ்வொன்றாக மற்றவர்களுடைய பெட்டிசங்களில் இருந்து பொறுக்கினேன். அதைக் கேட்டதும் நீங்கள் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் லீவில் போய் வரும்போது ஒரு முழு அகராதி கொண்டுவந்து தந்தீர்கள். நான் வாங்க மறுத்தேன். "லஞ்சம் இல்ல காக்கா. என்ட மேல எழுதுற பெட்டிசம் ஒழுங்கா ஈக்கட்டும்" என்றீர்கள். அதன் பிறகுதான் பிடித்தது.

நான் முதலில் எழுதிவைத்த பதில் கத்தி. கள்ளன், குடிகாரன், கத்தி. இவைதான் பொலிஸ்காரனை அரிக்கும் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு மீன் சந்தையில் போயிற்று.

மீன் வெட்டுகிற ஒருவன் மூளை கலங்கிக் கத்தியோடு நின்றான். சனம் கலைந்தது. நீங்கள் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நடந்து போகிறவர் போல அவனிடம் போனீர்கள். நான் பின்னால் வந்தேன். வீரத்தினால் அல்ல, உங்கள் கை நடுங்குகிறதா என்று பார்க்க ஆசை. "அந்தக் கத்திய இஞ்ச தாங்க மச்சான். சனத்துக்கு நீட்டினா முனை மழுங்கும், நாளைக்கு மீன் வெட்ட ஏலாது" என்றீர்கள். அவன் தந்துவிட்டான். உங்கள் கை ஆடவில்லை.

அடுத்த கிழமை மட்டக்களப்பிலிருந்து பெரிய துரை ஸ்டேசனைப் பார்வையிட வந்தார். காலை ஏழு மணிக்கு ஜன்னல் வழியே கண்டேன். உங்கள் கழுத்துப் பொத்தானை உங்களால் பூட்ட முடியவில்லை. விரல்கள் அப்படி ஆடின. ஒரு இளம் பொலிஸ்காரர் வந்து பூட்டிவிட்டார்.

அன்று பின்னேரம் கேட்டேன். "கத்திக்கு நடுங்காத கை பொத்தானுக்கு ஏன் நடுங்கிச்சு?"

நீங்கள் யோசித்துத்தான் சொன்னீர்கள். "கத்தி புடிச்சவன் என்ன செய்வான் எண்டு தெரியும் காக்கா. குத்துவான், இல்லாட்டிக் குத்தமாட்டான். துரை என்ன செய்வார் எண்டு தெரியாது. பொத்தான் மங்கினா ஒரு நாள் சிரிப்பார். ஒரு நாள் அதுக்காக லீவ வெட்டுவார்."

கத்தி என்று எழுதியதைக் கொப்பியில் வெட்டினேன்.

பிறகு எழுதியது சோறு. இதை எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். யார் வீட்டுக்கு விசாரணைக்குப் போனாலும் முதலில் தட்டு வைப்பார்கள். சாப்பிடாமல் எழும்பினால் அந்த வீட்டுக்குப் பகை. சாப்பிட்டால் எதிர்ப்பக்கத்தான் மறுநாள் என் மேசைக்கு வருவான், பெட்டிசம் எழுத. நீங்கள் ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். எல்லா வீட்டிலும் ஒரு கிளாஸ் தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடிப்பது. ஒரு நாளில் ஏழெட்டு வீடு. "வயித்துக்குள்ள குளம் கட்டி ஈக்கி, வாய்க்கால்தான் இல்ல" என்று நீங்கள் வந்து என் பக்கத்தில் இருந்தது நினைவு. கந்தூரிக்கு ஊரே உட்கார்ந்து உண்ணும். நீங்கள் வேலியோரம் நின்றுகொண்டிருப்பீர்கள். பெருநாள் தொழுகையில் ஊரே சப்பு வரிசையில் நிற்கும். நீங்கள் வீதியில் வண்டில்களை விலக்கிக்கொண்டிருப்பீர்கள். அரிப்பது இதுவாக இருக்குமோ என்று கேட்டேன். "இதுவும்தான்" என்றீர்கள். அந்த 'உம்' எனக்கு மேலும் ஆசையை மூட்டியது.

புத்தகத்தைப் பற்றி நீங்கள் சொல்லவில்லை. நானே கண்டேன்.

முறைப்பாட்டுப் புத்தகம். பக்கத்துக்கு இலக்கம் அடித்தது. ஒரு வரி வெறுமையாக விடக் கூடாது, ஒரு சொல் அழிக்கக் கூடாது. வருகிறவன் தமிழில் கதைப்பான், நீங்கள் இங்கிலிஸில் எழுதி, திரும்பத் தமிழில் வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்குவீர்கள். 'என்ட வயிறு பத்தி எரியுது' என்று அவன் சொன்னது, 'முறைப்பாட்டுக்காரர் மனவருத்தம் அடைந்தார்' என்று இங்கிலிஸில் போகும். அப்படிப் போனது பிறகு திரும்பி வராது.

எங்கள் சனத்தின் வழக்கம் அதற்கு நேர் எதிர். சண்டை பிடித்தால் காலையில் ஆவேசத்தோடு ஸ்டேசனுக்கு ஓடுவார்கள். அதற்குள் பள்ளி நிர்வாகம் பார்க்கும் மரைக்கார்மார் இரண்டு பக்கத்தையும் பள்ளிவாசலுக்குக் கூப்பிட்டுப் பேசிவிடுவார்கள். பின்னேரம் இரண்டு பேரும் ஒரே வெற்றிலைத் தட்டத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டு வருவார்கள்.

ஆதம்பாவாவும் மீராசாகிபும் அப்படித்தான் வந்தார்கள். இரண்டு பேரும் மச்சான் மச்சான். கடற்கரையில் கரைவலை வளைக்கிறவர்கள். ஒருவர் வளைத்து முடித்த பிறகுதான் மற்றவர் வளைக்க வேண்டும், அதற்கு முறை இருக்கிறது. முறை தப்பியதில் அடிபட்டார்கள். காலையில் ஆதம்பாவா கிழிந்த சட்டையோடு வந்து முறைப்பாட்டுப் புத்தகத்தில் என்ரி போட்டுவிட்டுப் போனார். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தார். கதவு திறந்திருந்ததால் நான் எல்லாம் கேட்டேன்.

"அந்த என்ரிய அழிச்சி உடுங்க சார்ஜன். நாங்க கை குடுத்து முஸாபஹா செஞ்சிட்டம்."

"அழிக்க ஏலாது."

"ஏலாதெண்டா? நீங்கதானே எழுதின?"

"எழுதுறதுக்குத்தான் என்ட பேனைக்கு அதிகாரம் ஈக்கி. அழிக்கிறதுக்கு இல்ல."

"அப்ப அந்தத் தாளக் கிழிங்க."

"அதக் கிழிச்சா என்னக் கிழிப்பாங்க."

"சும்மா இரிங்க சார்ஜன். ஒரு தாளுக்கா?" என்றார் மீராசாகிபு. அடி கொடுத்தவர் அவர்.

வழக்குக் கோட்டுக்குப் போனது. இரண்டு பேரும் கூண்டில் ஏறி, வலையில் கால் தடக்கி விழுந்ததாகச் சொன்னார்கள். பொய் வழக்குக் கொண்டுவந்ததாக நீதவான் சபையில் வைத்து உங்களை ஏசினார். இன்ஸ்பெக்டர் உங்கள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஏதோ எழுதினார். மச்சான்மார் கோட்டு வாசலில் நின்று, "சார்ஜன், கோவிக்காதீங்க. குடும்பத்துக்காகச் சொன்னம்" என்றார்கள். எனக்கு அவர்கள் மேல் வந்த கோபம் உங்களுக்கு வரவில்லை. அது எப்படி என்று கேட்டேன். "கோபம் வர நேரமில்ல. இப்படி இந்த மாசத்துல நாலாவது" என்றீர்கள்.

அடுத்த நாள்தான் அந்த வாங்கை வாசலில் போட்டீர்கள். நாலு பேர் இருக்கக்கூடிய பழைய தேக்குப் பலகை வாங்கு, ஒரு கால் குட்டை, கீழே செங்கல் வைத்தது. இரத்தம் கண்ட முறைப்பாடு, பெண்பிள்ளைகளின் முறைப்பாடு, களவு, இவற்றை உடனே எழுதினீர்கள். ஒரு நாளும் அதில் தவறவில்லை. மற்றப்படி வேலிச் சண்டை, வாய்க்கால் சண்டை, வலைச் சண்டை என்று கொதித்துக்கொண்டு வருகிறவனிடம், "லுஹர் வரைக்கும் இதில இரிங்க. தொழுதிட்டு வந்தும் எழுதணும் எண்டா எழுதுவன்" என்றீர்கள். பாண்டிருப்பிலிருந்தும் காரைதீவிலிருந்தும் வரும் தமிழ் ஆட்களுக்கும் அதே கணக்கு. மத்தியானம் வரைக்கும்.

வாங்கில் இருந்தவர்களில் பாதிப் பேர் தொழுகைக்குப் போனவர்கள் போனவர்கள்தான். மிச்சத்தில் பலர் எதிராளியும் வந்து பக்கத்தில் இருந்துவிட, வெட்கப்பட்டு எழும்பிப் போனார்கள். "சார்ஜன், வாங்குல மூட்டை கடிக்குது" என்று ஒருவன் கத்தியதும், "அதுக்கும் என்ரி போடவா?" என்று நீங்கள் உள்ளே இருந்து கேட்டதும் ஊரெல்லாம் சுற்றிய கதை.

கோட்டில் உங்கள் வழக்குகள் குறைந்தன. வந்தவை நின்றன. அரிப்பு தீர்ந்துவிட்டது என்று நான் கொப்பியை மூடப் போனேன். ஆனால் நீங்கள் மெலிந்துகொண்டு போனீர்கள். பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட்டீர்கள். ஏன் என்று கேட்டேன். ஒருநாள் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்:

"முறைப்பாடு வந்த நிமிசமே எழுதணும் எண்டுதான் சட்டம் காக்கா. புத்தகம் ஏன் மெலியுது எண்டு இன்ஸ்பெக்டர் ஐயா கேக்கிறார். நான் செய்றது சரி எண்டு எனக்குத் தெரியும். சட்டம் இல்ல எண்டும் தெரியும். ரெண்டையும் ஒரே பெல்ட்டுக்குள்ள வச்சிக் கட்டுறதுதான் கரச்சல்."

இதைத்தான் கொப்பியில் பெரிய எழுத்தில் எழுதினேன். நான் தேடிய பதிலுக்கு மிகக் கிட்ட வந்தது இதுவே.

அப்படியென்றால் ஏன் விடவில்லை? மற்றவர்களைப் போல எல்லாவற்றையும் எழுதித் தள்ளிவிட்டுப் போயிருக்கலாமே? அதற்குக் காரணம் உங்கள் வீட்டில் இருந்தது. இரண்டாம் வருடம்தான் மனைவியையும் மகனையும் கொண்டுவந்தீர்கள், ஸ்டேசனுக்குப் பின்னால் கடலைப் பார்த்த சின்னக் குவாட்டர்ஸுக்கு. அதற்கு முன் பத்து வருடத்தில் ஏழு மாற்றல், பெரும்பாலும் மலைப் பக்கம். அவருக்கு முட்டு வருத்தம். "அங்க சுவர்ல சாஞ்சிக்கிட்டுத்தான் தூங்குவா. இஞ்ச வந்துதான் படுத்துத் தூங்குறா" என்று சொன்னபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன். பென்சனுக்கு எட்டு வருடம் இருந்தது. அதுவரை இந்த ஊரில் இருந்தால் போதும், பிறகு இங்கேயே ஒரு வளவு பார்த்துத் தங்கிவிடலாம் என்பது உங்கள் கணக்கு. ஊர் அமைதியாக இருந்தால், வழக்குகள் கெடாமல் இருந்தால், யாரும் உங்களை அசைக்க மாட்டார்கள் என்று நினைத்தீர்கள். அந்த வாங்கை அவருடைய மூச்சுக்காகத்தான் வைத்திருந்தீர்கள்.

ராசாவின் படம் இறங்கி ராணியின் படம் ஏறிய அடுத்த வருடம், மாற்றல் பட்டியலில் உங்கள் பெயர் இருப்பதாகக் கதை வந்தது. பட்டியல் வரவில்லை, கதைதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய மரைக்கார்மார் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பெட்டிசக் காக்கா, சார்ஜன உடக் கூடா. இங்கிலிசில ஒண்டு போடுங்க. துரை வாசிச்சி அழணும்."

"அழுறதுக்கு எழுதிறல்ல. விளங்கிறதுக்குத்தான் எழுதிற" என்றேன். ஆனால் உள்ளுக்குள் துள்ளியது. அதுவரை நான் எழுதியதெல்லாம் ஒருவனுக்கு எதிராக. முதல் முதலாக ஒருவனுக்காக எழுதக் கேட்டிருக்கிறார்கள்.

மூன்று நாள் எழுதினேன். நீங்கள் தந்த அகராதியில் எம்முக்குப் பிந்திய சொற்களையெல்லாம் அதில் இறக்கினேன். உங்கள் நேர்மை, மீன் சந்தைக் கத்தி, தண்ணீர்க் கிளாஸ், எல்லாம் எழுதினேன். நடுவில் ஒரு பந்தி வாங்குக்கு. 'எமது சார்ஜன் கோபத்தோடு வருபவர்களின் முறைப்பாட்டை அவசரப்பட்டுப் புத்தகத்தில் பதியாமல், மத்தியானத் தொழுகை வரை அவர்களை வாங்கில் அமர்த்துகிறார். இறைவன் அருளால் பெரும்பாலானோர் பதியாமலே வீடு திரும்புகின்றனர்.' அந்தப் பெட்டிசத்தில் மிக அழகான வசனம் அதுதான். தமிழில் சொல்லிக் காட்டியபோது மரைக்கார்மார் தலையாட்டினார்கள். "அந்த வாங்கு விசயத்த இன்னும் கொஞ்சம் நீட்டுங்க" என்றார் ஒருவர். நீட்டினேன். நாலு தாள் நிறையக் கையொப்பமும் பெருவிரல் அடையாளமும் விழுந்தன. ஆதம்பாவா முதல் ஆளாகக் கையொப்பம் வைத்தார், கோட்டு வாசலில் பட்ட வெட்கத்துக்குப் பரிகாரம் போல.

உங்களிடம் ஒரு சொல் சொல்லவில்லை. மேலே இருந்து நல்ல செய்தியாக உங்களுக்கு வரட்டும் என்று எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டோம். விருந்தாளியிடம் கேட்டுக்கொண்டா கோழி அறுப்பார்கள்?

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். கையில் என்னுடைய பெட்டிசம், அந்தப் பந்திக்கு நேரே சிவப்புக் கோடு. ஸ்டேசனில் இருந்துகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

ஆதம்பாவாவிடம், "இந்த வாங்கில் நீயும் இருந்தாயா?" என்று கேட்டாராம். ஆதம்பாவா நெஞ்சை நிமிர்த்தி, "ஓம் துரை, நாலு தரம் இருந்திரிக்கன். ஒரு தரமும் எழுதல்ல. அவ்வளவு நல்ல மனிசன்" என்றாராம். வெளியே வந்து என்னிடமே பெருமையாகச் சொன்னார். "வடிவாச் சொல்லிக் குடுத்திட்டன் காக்கா." அப்போதும் எனக்குப் புத்தி ஓடவில்லை. அடுத்துப் போன மரைக்கார்மாருக்கு அதிகாரியின் முகத்தைப் பார்த்ததும் ஓடிவிட்டது. "இங்கிலிசு எங்களுக்குத் தெரியாது துரை. பெட்டிசக் காக்கா வைக்கச் சொன்னார், வச்சம்" என்று கைகழுவிவிட்டு வந்தார்கள்.

முறைப்பாட்டைப் பதியாமல் மறைத்தது ஒரு குற்றம். தனக்காக ஊரைக் கொண்டு சிபாரிசு செய்வித்தது இன்னொரு குற்றம். இரண்டுக்கும் சாட்சி வேறு தேடவில்லை. பட்டி மூன்றும் போயிற்று. மாற்றல் பட்டியலில் முதலில் உங்கள் பெயரே இருந்ததில்லை என்று பிறகு அறிந்தேன். அது வெறும் கதை. பெட்டிசத்துக்குப் பிறகு உண்மையாயிற்று. குளிர் மலையில் ஒரு ஸ்டேசன், ஒரு கிழமைக்குள்.

கடைசியாகத் தெருவைக் கடந்து வந்தீர்கள். சட்டையின் கையில் பட்டி இருந்த இடம் மட்டும் வெயிலில் வெளிறாமல் கறுத்திருந்தது.

"காக்கா, யாரக் கேட்டு எழுதின?"

"யாரக் கேக்கணும்? ஊர்ட மனசத்தான் எழுதின. அதில பொய் ஒண்டு இரிக்கா?"

"இல்ல. எல்லாம் உண்ம."

"பிழை ஒண்டு இரிக்கா?"

"அதுதான் கரச்சல். பிழையான இங்கிலிசு எண்டா துரை ரெண்டு வரி வாசிச்சிட்டு மேச லாச்சிக்குள்ள போட்டிருப்பார். நல்ல இங்கிலிசு. கடைசி வரைக்கும் வாசிச்சிட்டார்."

நான் விடவில்லை. சட்டம்தான் பிழை, நான் இல்லை என்று அரை மணி நேரம் வாதாடினேன். நீங்கள் கேட்டுக்கொண்டு இருந்தீர்கள். பிறகு தேத்தண்ணிக் கடைக்குச் சொல்லி ஒரு தேத்தண்ணி எடுத்துக் குடித்தீர்கள். மூன்று வருடத்தில் முதல் தரம். "இனி ஒரு தேத்தண்ணி கூடினாலும் குறைஞ்சாலும் எனக்கு ஒண்டுதான்" என்றீர்கள். அடுத்த நாள் உங்கள் மனைவி பஸ்ஸில் ஏறும்போது, ஏறுவதற்கு முன்பே முக்காட்டை மூக்கு வரை இழுத்துப் பிடித்திருந்தார், குளிர் இங்கேயே தொடங்கிவிட்டது போல.

அதன் பிறகு உங்களுக்காக நான் எழுதிய பெட்டிசங்கள் ஒரு கட்டு. ஒன்றில்கூட மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் அவர்கள். பதில் எல்லாம் ஒன்றுதான், கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது என்று. யாருடைய கவனத்தில், எந்த லாச்சியில் என்று கேட்டு அதற்கும் ஒரு பெட்டிசம் போட்டேன்.

நாலு மாதத்துக்கு முன் உங்கள் மனைவியின் கடிதம் வந்தது. அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழில். காலை அணிவகுப்பு முடிந்து வந்து, பூட்ஸ் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை என்று எழுதியிருந்தார். பென்சனுக்கு மூன்று மாதம் இருந்ததாம். தனக்கு மூச்சு அப்படியேதான், மகன் பார்த்துக்கொள்கிறான் என்றும் இருந்தது. கடைசியில் ஒரு கேள்வி.

'ஊர் எங்களுக்காகப் பெட்டிசம் போட்டது எனக்குத் தெரியும், அல்லாஹ் உங்களுக்குக் கூலி தருவான். ஆனால் அந்த வாங்கு விசயத்தை மேலே எழுதிக் காட்டிக் கொடுத்தது யார் என்று இவரிடம் எத்தனையோ தரம் கேட்டேன். மௌத்தாகும் வரை சொல்லவில்லை. ஊரில் யார் எழுதினாலும் உங்களுக்குத் தெரியாமல் இராது. எனக்கு அறிய வேணும்.'

நீங்கள் சொல்லவில்லை. ஆறு வருடம், ஒரே வீட்டில், உறங்காத ஒரு பெண் பக்கத்தில் இருந்து கேட்க, நீங்கள் சொல்லவில்லை. ஏன், சார்ஜன்? என் மேல் இரக்கமா? என்னைத் திட்டுவார் என்று நினைத்தீர்களா? அல்லது பதியாமல் வைத்திருந்தால் ஒரு நாள் தானாக ஆறிவிடும் என்று, அந்த வாங்கில் ஆட்களை இருத்தியது போல இதையும் இருத்தி வைத்தீர்களா? என் கொப்பியில் இதற்கு இடம் இல்லை. மேலதிகாரி, புத்தகம், சோறு, பொத்தான் என்று எல்லாம் எழுதினேன். ஒரு பொலிஸ்காரனை அவனுடைய சிநேகிதன் என்ன செய்வான் என்று எழுதவில்லை.

இப்போது எதிரே புதிய சார்ஜன். வந்த நிமிசமே எல்லாவற்றையும் எழுதிவிடுவார். புத்தகம் கொழுத்திருக்கிறது. கோட்டில் எங்கள் சனம் கூண்டில் ஏறி ஏறி, தடக்கி விழுந்ததாகச் சொல்கிறது. நீதவான் அவரையும் ஏசுகிறார். துரை வருகிற அன்று அவருக்கும் விரல் ஆடுகிறது, நான் பார்த்தேன். எழுதாதவருக்கும் ஆடியது, எழுதுகிறவருக்கும் ஆடுகிறது என்றால் பிழை விரலில் இல்லை. என்ன கரச்சல் என்று அவரிடமும் கேட்டேன். "ஒண்டுமில்ல காக்கா" என்கிறார். கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

இனிச் செய்ய வேண்டியவை இருக்கின்றன. உங்களைத் தண்டித்த அதிகாரி, பட்டி மூன்றும் பிழையாகக் கழற்றப்பட்டவை என்று ஒரு கடதாசியில் எழுதிக் கையொப்பமிட்டு, உங்கள் மனைவியிடம் ஆள் மூலம் கொடுக்க வேண்டும். தபாலில் அல்ல. சட்டம் எழுதுகிறவர்கள், அடிதடி இல்லாத முறைப்பாட்டைப் பதிய ஒரு தொழுகை நேரமாவது தவணை கொடுக்க வேண்டும், மத்தியானத்துக்குப் பிறகு அதை வாபஸ் எழுத அதே புத்தகத்தில் ஒரு வரி விட வேண்டும். இனி யாரையும் மாற்ற முன் இன்ஸ்பெக்டர் அந்த ஆளின் வீட்டுக்குள் ஒரு தரம் போய், அங்கே யார் எப்படி மூச்சு விடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வர வேண்டும். மரைக்கார்மார், விளங்காமல் கையொப்பம் வைத்தோம் என்று சொன்னது பொய் என்று, சொன்ன இடத்திலேயே போய்ச் சொல்ல வேண்டும். தமிழில் சொல்லிக் காட்டினேன், தலையாட்டினார்கள். ஆதம்பாவா, நாலு தரம் வாங்கில் இருந்து தன் குடும்பம் பிரியாமல் போனதற்குச் சாட்சி எழுதித் தர வேண்டும். வருவதாகச் சொல்லியிருக்கிறார், வராவிட்டால் நானே கடற்கரைக்குப் போவேன்.

நான், உங்கள் மனைவியின் கடிதத்துக்கு நாளைக் காலை பதில் எழுத வேண்டும். அவருக்கு வாசிக்கத் தெரிந்த எழுத்தில், நீட்டாமல். அந்தப் பந்தியை எழுதிய கை என்னுடையது, கதையும் என்னுடையதுதான் என்று.